விசும்பை விற்கும் கை எவர் கை?

நிலத்தை அளந்தார்கள்; நீருக்கு அணைபோட்டார்கள்; இன்று விசும்பையும் கூறுபோட்டு விற்கின்றார்கள்!

செல்பேசிக்கு உயிர், கண்ணுக்குப் புலனாகா அலைக்கற்றை. 2022ஆம் ஆண்டு நடுவணரசு நடத்திய ஏலத்தில், அதற்கென நிறுவனங்கள் தர ஒப்பிய தொகை 1,50,173 கோடி உருபா. நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்து விற்றார்கள். தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. விலை கூறுகையில் தமிழ்நாட்டுக்குத் தனி வட்டம் உண்டு. காசை எண்ணுகையில் தமிழ்நாடு இல்லை! நடுவண் வரிகளை மாநிலங்களுடன் பகிர்வதற்கு அரசமைப்பின் 270ஆம் பிரிவு வழி சொல்கின்றது. ஏலத்தொகையோ வரியன்று, ஆகவே அது பகிர்வுக்கு வருவதில்லை. ஈதென்ன முறை?

இவ்வுரிமை வந்த வழியைக் காண்க. 1885இல் தந்திச் சட்டமும் 1933இல் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இயற்றி, எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டான் வெள்ளையன். அவன் போனான், அவன் பிடி போகவில்லை. அது ஏழாம் அட்டவணையின் நடுவண் பட்டியலில் 31ஆம் பதிவாய் அமர்ந்தது. அலைகள் பொதுமக்கள் உடைமை என 1995இல் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமோ, மக்கள் சார்பில் நடுவணரசே அலைக்கற்றையின் உடைமையாளர் என எழுதிக்கொண்டது. எந்த மக்கள் எந்நாளில் இதற்கு இசைந்தனர்?

2012இல் 122 உரிமங்களை உச்சநயன்மன்றம் நீக்கியபோது நாடே அதிர்ந்தது. எப்படி விற்பது என்றுதான் அனைவரும் வழக்காடினர். விற்பவர் எவர் என வினவினோர் அரியர்.

இது வெறும் காசுக் கணக்கன்று. 2018 நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் கரை கடந்தபோது கறம்பக்குடிப் பகுதி பட்ட பாட்டை நாம் அறிவோம். தென்னை சாய்ந்தது, மின்சாரம் நின்றது, செல்பேசி ஊமையாயிற்று. கோபுரம் சாய்ந்தது காற்றின் செயல். ஆனால், ஊராட்சி ஒன்றியமோ மருத்துவமனையோ நடுவணரசின் இசைவின்றித் தனக்கென ஒரு சிறு செல்பேசி வலையமைப்பைத் தானே நிறுவிக்கொள்ள உரிமையற்றிருப்பது சட்டத்தின் செயல். பேரிடர்ப் பணிக்கு ஏலமின்றி ஒதுக்கப் புதிய சட்டம் இடந்தருகின்றது. ஒதுக்கும் கை அப்போதும் தில்லியின் கையே! மாநிலக் காவல்துறையின் கம்பியில்லாக் கருவிக்கும் ஆங்கிருந்தே ஒப்புதல் வரவேண்டும்.

“அலைக்கு எல்லை தெரியாது, ஒரு நடுவம் ஒழுங்குபடுத்தாவிடின் ஒன்றோடொன்று மோதும்” என்பர் சிலர். மெய்யே. உலக நாடுகளும் செனீவாவிலுள்ள அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின்வழிக் கூடித்தான் ஒழுங்கு செய்கின்றன. அதனால் எந்நாடும் தன் விசும்பைச் செனீவாவிற்கு எழுதிக் கொடுத்துவிடவில்லையே! ஒழுங்கு வேறு; உடைமை வேறு.

செருமனியைப் பாருங்கள். அங்கும் ஒதுக்குவது நடுவண் அமைப்பே. ஆயினும் அது 3,700 முதல் 3,800 மெகாஎர்ட்சு வரையுள்ள கற்றையை, அவரவர் இடத்தில் தனி வலையமைப்பு நிறுவுவோர்க்கென ஒதுக்கி வைத்து, 2019 முதல் விண்ணப்பம் பெற்று வழங்குகின்றது. இங்கோ, தனி வலையமைப்புக்கு நேரே கற்றை தரும் தேவையை 2022இல் கணக்கெடுத்தபோது, 100 கோடி உருபாவுக்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களையே அழைத்தார்கள். கறம்பக்குடித் தென்னை உழவர் கூட்டாக முயன்றாலும் அவ்வாயிலை எட்ட இயலுமா?

தமிழர்களே! நாம் கேட்க வேண்டுவன மூன்று. தமிழ்நாட்டு வட்டத்தின் ஏலத்தொகையில் தமிழ்நாட்டுக்கு உரிய பங்கு. கற்றையை ஒதுக்கும் முடிவில் மாநில அரசுக்கு ஓர் இருக்கை. ஊராட்சிக்கும் மருத்துவமனைக்கும் கூட்டுறவுக்கும் ஏலமற்ற ஒரு தனிக் கற்றை.

ஐம்பூதங்களுள் ஒன்றாக விசும்பை வைத்தெண்ணியவர் தொல்காப்பியர். அந்த விசும்பை அயலார் நம் தலைக்கு மேலேயே விற்க, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது மானமுள்ள இனத்துக்கு அழகன்று. மண்ணுரிமை கேட்போம், அதனோடு விண்ணுரிமையும் கேட்போம்!