‘கீழே கொடுத்துவிட்டுப் போங்கள்’

ஒன்லைன் ஓடர்களைப் பற்றி ஒரு மாணவி எழுதுகிறாள் என்றதும், வீண்செலவைக் கண்டிக்கும் கட்டுரை என்று நினைப்பீர்கள். நான் எழுத வந்தது, ஓடர் செய்த பார்சல் வாசலுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி.

கொழும்பில் எம்மில் பலர் இப்போது தொடர்மாடிகளில்தான் வாழ்கிறோம். வெள்ளவத்தை, தெஹிவளை, தெமட்டகொடை என்று எந்தப் பக்கம் போனாலும் எட்டு மாடி, பத்து மாடி. எமது தொடர்மாடியில் 48 வீடுகள். பார்சல் கொண்டு வருபவர் கீழே நின்று போன் எடுப்பார். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: “கீழ செக்கியூரிட்டிக்கிட்ட குடுத்துட்டு போங்க.”

அப்படிச் சொல்வதில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. பகலில் பல வீடுகளில் உம்மாவும் பிள்ளைகளும் மட்டும்தான். முன்பின் தெரியாத ஆண் ஒருவர் கதவு வரை வருவதை எங்கள் வீடுகளில் விரும்புவதில்லை. அவருக்கும் அது வசதியில்லை. மிச்சப் பார்சல்களை வீதியோரம் மோட்டார் சைக்கிளில் விட்டுவிட்டு லிப்டுக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால், கீழே வைக்கும் பார்சலுக்கு யார் பொறுப்பு என்பதை 48 வீட்டாரும் ஒருநாளும் கூடித் தீர்மானித்ததில்லை. அதனால் எல்லாம் செக்கியூரிட்டி அங்கிளின் தலையில் விழுந்திருக்கிறது.

அவருடைய வேலை வாசலைப் பார்ப்பது. பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட். அதற்கிடையில் பார்சலை வாங்கி, வீட்டு இலக்கம் பார்த்து, இன்டர்கொமில் அறிவித்து, யாரும் இறங்கி வராவிட்டால் தன் நாற்காலிக்குப் பின்னால் அடுக்கி வைக்கிறார். நவம்பரில் 11.11 விற்பனைக் காலத்தில் அவருக்குக் கால் நீட்டவும் இடமிருக்காது. எமது நாட்டில் இன்னும் பலர் பொருள் கைக்கு வந்த பிறகுதான் காசு கொடுக்கிறோம். எனவே சில நேரம் காசையும் அவரே கொடுக்க நேர்கிறது. சென்ற பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு குடும்பத்துக்காக 3,200 ரூபாயைத் தன் பையிலிருந்து கொடுத்தார். அவர்கள் திரும்பி வந்தது ஒன்பது நாட்களுக்குப் பிறகு. “குடுத்துருங்க அங்கிள், வந்து தாறோம்” என்று போனில் சொல்வது எங்களுக்கு இலேசு. மாதக் கடைசியில் 3,200 ரூபாய் என்பது அவர் வீட்டில் எத்தனை நாள் சாப்பாடு என்று யாராவது யோசித்தோமா?

இதைவிட மோசமானது ஒன்பதாம் மாடிச் சப்பாத்துப் பார்சலின் கதை. அது காணாமல் போன இரவு தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகள். கெமராவைப் பார்க்க வேண்டும், சம்பளத்தில் வெட்ட வேண்டும், ஆளையே மாற்ற வேண்டும்! மூன்றாம் நாள் பார்சல் ஆறாம் மாடியில் கிடைத்தது. கொண்டு வந்தவரே அன்று லிப்டில் ஏறி, கையால் எழுதியிருந்த 9 ஐ 6 என்று வாசித்து அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மகன் ஓடர் செய்தது என்று நினைத்து அவர்களும் பிரிக்காமல் எடுத்து வைத்துவிட்டார்கள். அங்கிளின் கைக்கு அது வரவே இல்லை. குழுவில் சிரிக்கும் முகங்கள் நிறைய வந்தன. அவரிடம் மன்னிப்புக் கேட்டவர் எனக்குத் தெரிய எவருமில்லை. அவர் குழுவில் இல்லாததால் நடந்த பேச்சு அவருக்குத் தெரியாது என்றே எல்லோரும் இருந்தார்கள். தெரிந்திருக்கிறது. அதற்கடுத்த வாரம் முழுவதும், பார்சல் எடுக்க வந்த ஒவ்வொருவருக்கும் ஸ்டிக்கரை இரண்டு முறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

அந்த ஸ்டிக்கரைப் பற்றி மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. அதில் எமது பெயர், விலாசம், போன் இலக்கம் மூன்றும் உண்டு. யார் யாரோ ஏறி இறங்கும் இடத்தில் அது நாள் முழுவதும் திறந்தபடி கிடக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு வரும் பார்சலுக்கும் வாப்பாவின் பெயரும் இலக்கமும்தான்.

வீட்டிலிருந்து அபாயா தைத்து விற்கும் ராத்தாமாரையும் மறக்கக் கூடாது. வாங்க ஆளில்லை என்று பார்சல் திரும்பிப் போனால் கொரியர் செலவு அவர்களுக்கே நட்டம்.

இதற்கெல்லாம் பெரிய திட்டம் தேவையில்லை. தொடர்மாடி வீடுகளின் உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்ததே முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பொது இடங்களைப் பராமரிப்பதும் அதற்கான விதிகளை ஆக்குவதும் அதன் வேலை. பூட்டுள்ள ஓர் இரும்பு அலுமாரி, கையொப்பமிட ஒரு பதிவேடு, காசை முன்கூட்டியே உறையில் கொடுத்து வைக்காத பார்சலை அங்கிள் ஏற்கத் தேவையில்லை என்ற ஒரு விதி, இந்த மேலதிக வேலைக்காக அவருக்கு மாதாந்தம் ஒரு கொடுப்பனவு. எங்கள் கூட்டத்தில் வாப்பா கேட்டது இவ்வளவுதான். அலுமாரிக்கு வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் வரும்.

கொடுப்பனவு என்றதும், “சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்தானே” என்றாராம் ஒருவர். பிறருடைய பொருளையும் காசையும் அமானிதமாகப் பார்த்துக்கொள்பவரைச் சும்மா இருப்பவர் என்று எப்படிச் சொல்வது? அவர் ஒரு நாள் லீவு போட்டால் அந்த 48 வீடுகளிலும் யார் கீழே இறங்கி நிற்பார்கள்?

இதுவரை பதிவேடு மட்டும் தொடங்கியிருக்கிறது, ஒரு சீ.ஆர். கொப்பியில். அலுமாரிக்குக் காசு சேர்கிறது. கொடுப்பனவை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு வாப்பாவுடன் உம்மாவும் போகப்போகிறார். பார்சல் அதிகம் வருவது வீட்டுப் பெண்களுக்கு; கூட்டத்தில் இருப்பதோ ஆண்கள் மட்டும். மூன்றாம் மாடி மாமியையும் உம்மா கூப்பிட்டிருக்கிறார்.