எழுமாறு என்றால் நடுநிலையா?

மரபணு அல்கோரிதத்துக்கான மென்பொருள் நூலகத்தில் முதற் குடித்தொகையை உருவாக்க ஒரேயொரு எழுமாற்றுச் சார்பு போதும், மிச்சத்தை விகாரம் பார்த்துக்கொள்ளும் என்று நண்பர் எழுதியிருக்கிறார். எழுமாறு என்றால் பக்கச்சார்பு இல்லையாம். தெரிந்த தீர்வுகளை விதையாக இடுவது களவாம். வேறெதைச் சேர்த்தாலும் நூலகம் வீங்கிவிடுமாம். நிகழ்தகவை ஒரு தவணையாவது ஒழுங்காகப் படித்தவர் இப்படி எழுதத் துணிவாரா?

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருந்தும் கணக்கொன்றை எடுப்போம். நூறு கிணறுகளில் உவர் ஏறுகிறதா, நைத்திரேற்று கூடுகிறதா என்று தொடர்ந்து அளக்க இருபதுக்கு மேற்படாமல் தெரிய வேண்டும். கிணற்றுக்கு ஒரு பிட் வீதம் தனியன் ஒவ்வொன்றும் 100 பிட் நீளம். நண்பரின் சார்பு ஒவ்வொரு பிட்டுக்கும் நாணயம் சுண்டுகிறது. விளைவு, சராசரியாக 50 கிணறு, நியம விலகல் 5. இருபதுக்குள் அடங்கும் தனியன் ஒன்றைக் காண ஏறத்தாழ 180 கோடி தனியன்களை உருவாக்க வேண்டும்! அவருடைய 200 தனியன்களும் செல்லாக் காசாக ஐம்பதைச் சுற்றிக் குவிந்து கிடக்கும், இதுவா பக்கச்சார்பின்மை? சரி, எண்ணி இருபதையே எழுமாறாகப் பொறுக்கட்டும். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று நிலத்தடி நீர் நான்காகப் பிரிந்து கிடக்கும் மண் இது. நூறில் தீவகத்துக் கிணறு ஐந்துதான் என்றால், 32 வீதமான தனியன்களில் தீவகமே இராது. பகுதிவாரியாகப் பிரித்துத் தெரியும் வசதியைத்தான் அவர் வீக்கம் என்கிறார். மக்கேயும் பெக்மனும் கொனோவரும் 1979இல், வீச்சைப் பகுதிபகுதியாகப் பிரித்து எடுக்கும் லத்தீன் ஹைப்பர்கியூப் மாதிரியெடுப்பை வெளியிட்டது வேலையில்லாமலா?

அடுத்த முரணை வாசகர் இதற்குள் பிடித்திருப்பார். தொடக்கம் எப்படியிருந்தாலும் விகாரம் பார்த்துக்கொள்ளும், முடிவு மாறாது என்றால், விதையிட்ட தொடக்கம் மட்டும் எப்படிக் களவாகும்? இரண்டில் ஒன்றை அவர் கைவிட்டே ஆக வேண்டும். துறைசார்ந்த அறிவை அல்கோரிதத்துக்குள் கொண்டுவருவது பற்றி கிரெஃபென்ஸ்டெட் 1987இலேயே எழுதிவிட்டார். முழுக் குடித்தொகையையும் விதையால் நிரப்பினால் பன்மை செத்து, தேடல் முளையிலேயே நின்றுவிடும் என்பது உண்மை. அதற்காகத்தான் விதையின் பங்கைப் பயனர் தீர்மானிக்க ஓர் அளவுரு வேண்டும் என்கிறோம்.

பைகேட் நூலகம் −4 முதல் 4 வரையான எழுமாற்று எண்களைத்தானே இயல்பாகத் தருகிறது என்று சாட்சிக்கு இழுக்கிறார். முதற் குடித்தொகையைப் பயனரே கொடுக்கவும் அதே நூலகம் வழி வைத்திருப்பதை ஏன் சொல்லாமல் விட்டார்?

சொல்லாததற்குக் காரணம், தன் கூற்றை நிறுவ அவர் ஓட்டிய சோதனையிலேயே இருக்கிறது. அதற்கு அவர் தெரிந்தெடுத்த சார்பு, மாறிகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. அதன் இழிவு பூச்சியத்தில். வீச்சு −5 முதல் 5 வரை. அதன் மையமும் பூச்சியம். குறுக்குப் பரிமாற்றமோ பெற்றோரின் சராசரியை எடுக்கிறது. ஆகவே பிள்ளைகள் தாமாகவே மையத்துக்கு ஒடுங்குகின்றன. விடை இருக்கும் இடத்திலேயே குடித்தொகையை இறக்கிவிட்டு, தேடிக் கண்டுபிடித்ததாகப் பெருமை பேசுவதைவிடப் பெரிய விதையிடல் எது? அடுத்தவரைக் களவு என்று சொல்ல இவருக்கு என்ன உரித்து? இழிவைப் பூச்சியத்திலிருந்து 3.7க்கு நகர்த்தி, வீச்சையும் குறுக்குப் பரிமாற்றத்தையும் மாற்றாமல் அதே சோதனையை ஓட்டி, வரும் வரைபை அப்படியே வெளியிடட்டும்.