தசரா ரஜாவும் வாத்தியார் சம்பளமும்

பெங்களூரில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியானாலும் சரி, பைலை மூடிவிட்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் குமாஸ்தாவானாலும் சரி, பள்ளி ஆசிரியரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் வாயில் வரும் வார்த்தை "கொடுத்து வைத்தவர்" என்பதுதான். ஏப்ரலில் பூட்டிய பள்ளி மே மாதக் கடைசியில் திறக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் தசரா ரஜா வந்துவிடுகிறது. நடுவே பண்டிகைகள், ஜெயந்திகள், ஞாயிற்றுக்கிழமைகள். காலை பத்து மணிக்குப் போனால் மாலை நாலரைக்கு வீடு. இத்தனைக்கும் மாதச் சம்பளம், பஞ்சப்படி, இன்கிரிமெண்ட் எதிலும் குறைவில்லை. "நம் பிழைப்பைப் பார், அவர் பிழைப்பைப் பார்" என்று அலுத்துக்கொள்வதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இந்த அலுப்பில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, எவ்வளவு தோற்றம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அரசுப் பள்ளியின் மீது பெற்றோர் வைத்திருக்கும் நம்பிக்கை பெருமளவுக்கு இந்தப் பேச்சில்தான் கரைந்து வருகிறது.

2025ஆம் ஆண்டு தசராவையே எடுத்துக்கொள்ளலாம். கர்நாடகக் கல்வித்துறை நாட்காட்டிப்படி அந்த ஆண்டு விடுமுறை செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 7 வரை. மாநிலப் பிற்பட்ட வகுப்பினர் ஆணையத்தின் சமூக, கல்விக் கணக்கெடுப்பு செப்டம்பர் 22ல் தொடங்கி அக்டோபர் 7ல் முடிவதாக இருந்தது. இரண்டு தேதிகளும் இப்படிப் பொருந்தியது தற்செயல் அன்று. வீடு வீடாகச் செல்ல வேண்டிய சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் கிடைப்பது விடுமுறையில்தான் என்று கணக்கிட்டே நாள் குறிக்கப்பட்டது.

ஒவ்வொரு குடும்பத்திடமும் 60 கேள்விகள். விடைகளைக் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். வீட்டை அடையாளம் காண மின்சார மீட்டர் எண். செயலி வேலை செய்யாத நேரங்களும், குறித்த முகவரி எங்கோ காட்டிய சங்கடங்களும் அன்றைய பத்திரிகைகளில் நிறையவே வெளிவந்தன. கணக்கெடுப்புக்குத் தடை விதிக்க மறுத்த கர்நாடக உயர்நீதிமன்றம், விவரம் சொல்வதும் சொல்லாததும் மக்களின் விருப்பம் என்று செப்டம்பர் 25ல் கூறியிருந்ததால், முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அப்படிச் சாத்தினால் ஆசிரியர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். இந்த வேலைக்கு மதிப்பூதியம் 20 ஆயிரம் ரூபாய் வரை என்று அறிவிக்கப்பட்டது. அதையும் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

குறித்த நாளில் வேலை முடியவில்லை. அக்டோபர் 8 முதல் 18 வரை அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் விடுமுறை நீட்டிக்கப்பட்டது. தனியார் பள்ளிகள் வழக்கம்போல் திறந்தன. அந்தப் பதினோரு நாளும் ஒரே சந்தில், ஒரு வீட்டுப் பிள்ளை சீருடை அணிந்து வேனில் ஏறிப் போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தெருவில் கோலி ஆடியது. பார்த்த பெற்றோர் மனத்தில் என்ன தோன்றியிருக்கும்? "தசரா முடிந்தும் அரசுப் பள்ளி வாத்தியாருக்கு ரஜா தீரவில்லை" என்றுதான் தோன்றும். அந்த வாத்தியார் அதே நேரத்தில் நாலு தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைபேசியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? போன நாட்களைக் கூடுதல் வகுப்பு எடுத்து ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பும் பின்னர் அவர் தலையில்தான் விழுந்தது.

சட்டம் சொல்வது

2010 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 27வது பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மூன்று விலக்குகள்: பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இயற்கைச் சீற்ற நிவாரணம், தேர்தல். மாநில ஆணையம் நடத்தும் கணக்கெடுப்பு இந்த மூன்றில் எதில் அடங்கும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

தேர்தல் வேலையைப் பற்றி டில்லிப் பள்ளி ஒன்றின் வழக்கில் 2007 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி சொன்னது. பாட நாட்களில், பாட நேரத்தில் ஆசிரியரை இழுக்கக் கூடாது. வாக்காளர் பட்டியல் போன்ற வேலைகளை விடுமுறை நாட்களிலும் பாடம் இல்லாத நாட்களிலும் வாங்கிக்கொள்ளலாம் என்றது. குழந்தைகளின் படிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த தீர்ப்பு. ஆனால் அதன் பலன் என்ன? வேலை குறையவில்லை, விடுமுறைக்குள் நகர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு விடுமுறையின் நீளம் மட்டும் தெரிகிறது.

கோடையும் அப்படித்தான். கர்நாடகச் சட்டசபைத் தேர்தல் வாக்குப்பதிவு 2023 மே 10ல் நடந்தது. 2024 பார்லிமெண்ட் தேர்தல் இம்மாநிலத்தில் ஏப்ரல் 26, மே 7 ஆகிய இரு நாட்களில் நடந்தது. அனைத்தும் பள்ளி மூடியிருந்த நாட்கள். பயிற்சி வகுப்பு, முந்திய இரவு வாக்குச்சாவடியில் தங்கல், பெட்டியை ஒப்படைக்கும் வரை காவல் என்று ஒரு வாக்குப்பதிவுக்குப் பின்னால் எத்தனை நாள் போகிறது என்பது அந்த வேலைக்குப் போன குமாஸ்தாக்களுக்கும் தெரியும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாள் திருத்தல் வேறு. 2024ல் அந்தத் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை என்றானபோது, தவறிய பிள்ளைகளுக்குக் கோடையிலேயே பாடம் நடத்த வேண்டி வந்தது.

நாட்கணக்கு

சரி, நாட்களை எண்ணியே பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. கர்நாடகத்தில் நடைமுறையில் இது 240ஐ ஒட்டி இருக்கும்.

ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு போக 313 நாள். தேசிய, பண்டிகை விடுமுறை பத்து என்று வைத்தால் மீதி 303. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று வகுத்திருந்தது. அந்தக் கணக்கில் 15 நாளைக் கழித்தால் 288 நாள் அவர் மெஷின் முன் நிற்கிறார். ஆசிரியரைவிட 48 நாள் அதிகம். இதில் தொழிலாளியின் மனக்குறை உண்மையானதே. மறுப்பதற்கில்லை.

மத்திய சர்க்கார் குமாஸ்தாவின் கதை வேறு. 1985லிருந்து அவருக்கு வாரம் ஐந்து நாள். 104 சனி, ஞாயிறு போனால் 261. பொது விடுமுறை 17 போனால் 244. ஈட்டிய விடுப்பு 30, தற்செயல் விடுப்பு 8 இரண்டையும் முழுவதும் எடுத்தால் 206. பண்டிகை ஒன்றிரண்டு சனி, ஞாயிறில் விழுந்தால் சற்றுக் கூடும், அவ்வளவுதான். ஆசிரியருக்கும் தற்செயல் விடுப்பு உண்டு. அதைக் கழித்தாலும் குமாஸ்தாவின் எண்ணிக்கைக்கு அவர் இறங்கி வருவதில்லை. வாத்தியாரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் குமாஸ்தா அன்பர் தம் காலண்டரையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. சர்க்கார் விதிகளில் பள்ளி என்பது "விடுமுறைத் துறை". மத்திய விடுப்பு விதிகளின்படி, நீண்ட விடுமுறையை முழுவதும் அனுபவித்த ஆண்டுக்கு ஈட்டிய விடுப்பு கிடையாது என்பதே அடிப்படை. விடுமுறையில் வேலைக்கு இழுக்கப்பட்டால் அந்த அளவுக்கு விகிதாசாரப்படி விடுப்பு சேரும். பின்னால் ஆங்காங்கே சில நாட்கள் கூடுதலாகத் தரப்பட்டாலும், குமாஸ்தாவின் 30க்கு அது பக்கத்தில் வராது. குமாஸ்தா தம் விடுப்பைச் சேர்த்து வைத்து, ஓய்வு பெறும் நாளில் 300 நாள் வரை காசாக்கிக்கொள்ளலாம். அது பத்து மாதச் சம்பளம். ஒரு பெண்ணின் கல்யாணச் செலவில் பாதி அதில் அடங்கும். ஆசிரியர் அத்தனை நாள் சேர்க்க வழியே இல்லை. அவருடைய விடுமுறை அவர் கேட்ட நாளில் வருவதும் இல்லை. கார்த்திகையில் ஊரில் தங்கை கல்யாணம் என்றால் இரண்டு நாள் தற்செயல் விடுப்பில் சேலத்துக்கோ வேலூருக்கோ ஓடிவிட்டுத் திரும்ப வேண்டும்.

பள்ளி வேலை என்பது பாட நேரம் மட்டுமா? சட்டமே ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது. பாடத்துக்குத் தயார் செய்யும் நேரம் அதில் சேர்ந்தது. மதிய உணவுக் கணக்கு, பால், முட்டைப் பதிவேடு, சீருடை, புத்தகம், ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் இவையெல்லாம் தலைமையாசிரியரின் தலையில். 2024-25 அரசுப் புள்ளிவிவரப்படி நாட்டில் ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் 1 லட்சத்துக்கு மேல். கர்நாடகத்தில் மட்டும் 7 ஆயிரத்துக்கு மேல். அங்கே பாடம் நடத்துபவரும் அவரே, பதிவேடு எழுதுபவரும் அவரே. அவர் ஒரு நாள் கூட்டத்துக்குப் போனால் அன்று படிப்பு இல்லை.

வராத ஆசிரியர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களால் மற்றவர்களுக்கும் கெட்ட பெயர். ஆனால் எத்தனை பேர் என்பதில் கவனம் தேவை. கர்நாடகம் உட்பட ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்து அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017ல் வெளியிட்ட ஆய்வில், பார்வையிட்ட நாளில் பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் நூற்றுக்கு 18.5. காரணமின்றி வராதவர்கள் 2.5 மட்டுமே. மற்றவர்கள் முறைப்படி விடுப்பிலோ அல்லது துறை அனுப்பிய வேறு வேலையிலோ இருந்தனர். பூட்டிய வகுப்பறையைப் பார்க்கும் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் புரிய வழியில்லை என்பதும் உண்மைதான்.

எந்த வாத்தியார்?

சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நிரந்தர ஆசிரியரையே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். கர்நாடகத்தில் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஏழாவது ஊதியக்குழுப்படி 27.5 சதவீத உயர்வு வந்தது. நிரந்தர ஆசிரியருக்கு அது நல்ல சம்பளமே. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் திண்டாடும் ஒப்பந்தத் தொழிலாளி அதைப் பார்த்து ஏங்குவதைக் குறை சொல்ல முடியாது. எனினும் 2006 ஏப்ரலுக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவர் பழைய பென்ஷனுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்.

அதே பள்ளியில் பக்கத்து அறையில் நிற்பவர் அதிதி ஆசிரியர். ஆரம்பப் பள்ளியில் அவருக்கு 10 ஆயிரம் ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் 2 ஆயிரம் கூட்டப்பட்டது. கல்வியாண்டு தொடங்கும்போது சேர்ந்து, முடியும்போது போக வேண்டும். ஊரார் பொறாமைப்படும் கோடை விடுமுறை அவருக்குச் சம்பளம் இல்லாத காலம். தமிழ்நாட்டிலும் இதே கதைதான்: 2012ல் மாதம் 5 ஆயிரம் ரூபாயில் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பின்னர் தொகை உயர்ந்தபோதிலும், மே மாதச் சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

தனியார் பள்ளி ஆசிரியை நிலை இன்னும் மோசம். நம் பேட்டைகளில் பி.எட். முடித்த எத்தனையோ பெண்கள், கார்மெண்ட் தொழிற்சாலையில் தையல் வேலைக்குப் போனால் கிடைப்பதைவிடக் குறைந்த சம்பளத்தில் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது அவர்களில் பலருக்கு அதுவும் நின்றது. 2021 ஜூனில் மாநில அரசு ஒரே முறை 5 ஆயிரம் ரூபாய் தந்து உதவ வேண்டிய நிலை ஏற்பட்டது.

சட்டத்தின் துணையும் அவர்களுக்குத் தாமதமாகவே வந்தது. கோவாவில் வேலை இழந்த ஆசிரியை ஏ.சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் செய்வது உடலுழைப்பும் அன்று, குமாஸ்தா வேலையும் அன்று. ஆகவே தொழில் தகராறு சட்டப்படி அவர் "தொழிலாளி" ஆகார் என்று 1988ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆசிரியர்களுக்குத் தனிப் பாதுகாப்பு தேவை என்பதையும் அப்போதே சுட்டிக்காட்டியது. பணிக்கொடை விஷயத்திலும் 2004ல் அதே போன்ற தீர்ப்பு. பிறகு பார்லிமெண்ட் 2009ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்றது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயின. 2022 ஆகஸ்டில்தான் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆலைத் தொழிலாளிக்கு 1972லேயே கிடைத்த உரிமை இது.

பெங்களூர், தங்கவயல் தமிழர்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. "அரசுப் பள்ளி எப்போதும் ரஜா" என்ற பேச்சு பரவப் பரவ, கையில் நாலு காசு உள்ளவர் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். பிறகு பள்ளியே பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்படும். இதில் முதலில் அடிபடுவது ஏற்கெனவே மெலிந்துபோன தமிழ்வழிப் பள்ளிகள். தமிழ் சொல்லித்தர இருந்த ஒருவரையும் கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டால் அவர் இடத்தில் நிற்க வேறு தமிழாசிரியர் கிடைப்பதில்லை.

2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு, வீடுகளைப் பட்டியலிடும் வேலை 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் மாநிலத்துக்கு 30 நாள் என்றும், ஆட்களை எண்ணும் வேலை 2027 பிப்ரவரியில் என்றும் வகுக்கப்பட்டது. இது 27வது பிரிவே அனுமதிக்கும் வேலை. ஆசிரியர்கள் மறுக்க முடியாது. ஆனால் பிப்ரவரி என்பது எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு முந்திய மாதம். அந்த நாட்களில் பள்ளிக்கு மாற்று ஆள் யார், விடுமுறையில் செய்த வேலைக்கு ஈட்டிய விடுப்பு விகிதாசாரப்படி கணக்கில் ஏறுகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கல்வித்துறையிடம் கேட்க ஆசிரியர் சங்கங்களுக்கு உள்ள உரிமை, பள்ளி மேம்பாட்டுக் குழுவில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும் உண்டு.