மூன்றாம் கட்டத்தில் ‘வி’

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி தோற்றேன். தோற்ற ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டால் அதில் முக்கால் பங்கு உண்மை. மிச்சமுள்ள கால் பங்குக்காகத்தான் இந்தக் கட்டுரை.

திருச்சிக்குப் போனால் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்குவது என் வழக்கம். விடிந்ததும் அந்த வீட்டில் டெலிவிஷன் பேச ஆரம்பித்துவிடும். ஆகவே பத்திரிகையையும் ஒரு துண்டுப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். 2021ஆம் வருஷக் கடைசியில் அதைப் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். “லால்குடி, லால்குடி!” என்று ஒருவர் கூவ, “திருவானைக்கா, ஸ்ரீரங்கம்!” என்று இன்னொருவர் கூவ, நடுவே உட்கார்ந்து கட்டங்களை நிரப்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டுச் சத்தத்தில் நம்மைப் பற்றிய பேச்சும் கலந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தில் அந்தப் பயம் இல்லை.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதர் அகப்பட்டார். பொன்மலை ரெயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்தில் வாசம். தினமும் ஏதாவது ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வருவார். காரியம் முடிந்த பிறகு ஒன்றாம் நம்பர் பஸ் நாலைந்தை வேண்டுமென்றே தவறவிடுவார். அவர் கையிலும் அதே பத்திரிகை, அதே பக்கம்.

அன்றைக்கு வெளியாகியிருந்தது விளையாட்டுச் சிறப்புக் குறுக்கெழுத்து. பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றப் பத்திரிகைகள் தப்பித்துக்கொள்ளும்.

இடமிருந்து வலம், முதல் குறிப்பு: ‘புகழ்பெற்ற இந்திய கிரிக்கெட் வீரர்’. நாலு கட்டம். இந்தப் பாரத தேசத்தில் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர்களுக்குப் பஞ்சமா? கும்ப்ளே நாலு கட்டம். ஸ்ரீகாந்த் நாலு கட்டம். அந்த வார்த்தையின் மூன்றாம் கட்டத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரு வார்த்தை இறங்குகிறது. குறிப்பு ‘மூன்று குச்சிகள்’. அது விக்கெட் என்பதில் சந்தேகமில்லை. ஆகவே மூன்றாம் கட்டத்தில் ‘வி’ விழுந்துவிட்டது. கும்ப்ளேயும் ஸ்ரீகாந்தும் வெளியேறினார்கள். நான் தயங்காமல் ‘அஸ்வின்’ என்று எழுதினேன். தமிழ்ப் பத்திரிகை, தமிழ்நாட்டு வீரர், இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? திரும்பிப் பார்த்தால் பெரியவர் ‘டிராவிட்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார்! எண்ணிப் பாருங்கள். டி, ரா, வி, ட். அ, ஸ், வி, ன். இரண்டுக்கும் மூன்றாவது எழுத்து ‘வி’. மற்ற மூன்று கட்டங்களையும் வேறு எந்த வார்த்தையும் வெட்டவில்லை.

“ஓய், நீர் எழுதியது தப்பு” என்றார் பெரியவர்.

“எப்படித் தப்பு?”

“தப்பு என்றால் தப்புதான். ஒரு காபி பந்தயம்.”

மறுநாள் விடை வந்தது. டிராவிட். காபி வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு சாப்பிட்டார்.

ராகுல் டிராவிட்டிடம் எனக்கு எந்த மனஸ்தாபமும் இல்லை. பெரியவர் எந்த விதத்தில் என்னைவிடப் புத்திசாலி, எந்த விதத்தில் அதிகம் படித்தவர், எந்த விதத்தில் கிரிக்கெட் அதிகம் தெரிந்தவர் என்பதுதான் என் கேள்வி. ஒரு விதத்திலும் இல்லை. அவர் காசைச் சுண்டினார், தலை விழுந்தது. நான் சுண்டினேன், பூ விழுந்தது. இதற்குக் குறுக்கெழுத்து என்ற கௌரவமான பெயர் எதற்கு? தாயக்கட்டை என்று சொல்லிவிட்டுப் போகலாமே!

இந்தச் சந்தேகம் என் மூளையில் முதலில் உதித்ததல்ல. சுப்ரீம் கோர்ட்டில் இதை விசாரித்திருக்கிறார்கள். பெங்களூரில் அச்சாகிய ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற பத்திரிகை, பெயரே விளையாட்டுப் பத்திரிகையின் பெயர், குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி நடத்தி வந்தது. பம்பாய் ராஜ்யத்தில் அதற்கு ஏராளமான கிராக்கி. பம்பாய் சர்க்கார் வரி போட்டது. பத்திரிகைக்காரர் சாமர்பாக்வாலா வழக்குப் போட்டார். 1957ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் பிரதம நீதிபதி எஸ். ஆர். தாஸ் தீர்ப்புச் சொன்னார். இது திறமைக்கான போட்டியல்ல, சூதாட்டம்; சூதாட்டத்தை வியாபாரம் என்று சொல்லி அரசியல் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்பது சாரம். போட்டி நடத்துகிறவர்கள் முன்கூட்டியே தேர்ந்து வைத்த விடையோடு நம் விடை ஒத்துப்போனால்தான் பரிசு என்றால், அங்கே அறிவுக்கு என்ன வேலை? அதற்கு முன்பே, 1955இல், பார்லிமெண்டு பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டுவந்து, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்று கட்டிப் போட்டிருந்தது.

சட்டம் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே சொல்லலாம். என் தாத்தாவுக்கு இந்தப் போட்டியில் பைத்தியம். ‘மனிதனுக்கு இது இருந்தால் மதிப்பு உண்டு’ என்று ஒரு குறிப்பு வருமாம். மூன்று கட்டம், கடைசி இரண்டும் ‘ணம்’. குணமா, பணமா, மணமா? தாத்தா குணம் என்று ஒரு கூப்பன், பணம் என்று ஒரு கூப்பன், மணம் என்று ஒரு கூப்பன் அனுப்புவார். இம்மாதிரி இரண்டு குறிப்பு இருந்தால் ஒன்பது கூப்பன். மூன்று இருந்தால் இருபத்தேழு. ஒவ்வொன்றுக்கும் பிரவேசக் கட்டணம். பாட்டியின் இரட்டை வடச் சங்கிலி ஒற்றை வடமாயிற்று. பிறகு கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிஞ்சிற்று. “குணம் என்றே எல்லாக் கூப்பனிலும் எழுதியிருந்தால் நகையாவது மிஞ்சியிருக்கும்” என்று பாட்டி சாகிற வரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். 

சட்டம் பரிசைப் பிடுங்கிக்கொண்டது. ஆனால் அந்தக் குணம்-பணம்-மணம் குறிப்பு இருக்கிறதே, அது சாகவில்லை. காசு வாங்காமல், காசு கொடுக்காமல், இன்றும் பத்திரிகைகளின் மூலையில் உயிரோடு இருக்கிறது. குறிப்பு எழுதுகிறவர் மனத்தில் எது இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டுச் சிறப்புப் புதிரிலோ இந்த வியாதி முற்றிய நிலையில் இருக்கிறது. குணத்துக்கும் பணத்துக்குமாவது அர்த்தம் உண்டு, உட்கார்ந்து வாதாடலாம். ‘புகழ்பெற்ற வீரர்’ என்றால் எதை வைத்து வாதாடுவது? வெறும் பெயர். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. கம்ப்யூட்டரில் காசு கட்டி ஆடும் ஆட்டங்கள் திறமையா அதிர்ஷ்டமா என்று வருஷக்கணக்கில் கோர்ட்டுகளில் வாதாடினார்கள். 2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டு அவற்றை மொத்தமாகத் தடை செய்தது. நல்ல வேளை, குறுக்கெழுத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

நாங்கள் இரண்டாம் நாள் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் வந்து உட்கார்ந்தான். முழங்காலில் கட்டு, தோளில் பை. எங்கள் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “விளையாட்டா சார்? கொடுங்கள் பார்க்கலாம்” என்று பத்திரிகையை வாங்கினான். மேலிருந்து கீழாக ஒரு தரம், இடமிருந்து வலமாக ஒரு தரம் பார்த்தான்.

“கபடியே இல்லையே சார்?”

இல்லைதான். இருபத்துச் சொச்சம் குறிப்புகளில் பதினெட்டு கிரிக்கெட். மிச்சம் டென்னிஸும் கால்பந்தும். அவன் கபடி ஆடுகிறவன். லால்குடிப் பக்கம் ஊர். லால்குடி என்றதும் எனக்கு ஆரோக்கிய ராஜீவ் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். 2018இல் ஜகார்த்தாவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கி, முதலில் வந்த பஹ்ரைன் அணி தகுதி இழந்ததால் அந்த வெள்ளி பின்னால் தங்கமாயிற்று. ‘வெள்ளி தங்கமான வீரர்’ என்று ஒரு குறிப்பு எழுதினால் எப்படி இருக்கும்! ரசவாதியா, தட்டானா என்று நம்மை ஐந்து நிமிஷம் அலைக்கழிக்குமே! சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர்க்காரர். புதிர் போடுகிறவருக்கு அவர் கண்ணில் படவில்லை. கபடியும் கண்ணில் படவில்லை. விளையாடுகிற பையனுக்கு விளையாட்டுப் புதிரில் இடமில்லை என்றால் அது யாருக்காகப் போடப்படுகிறது? விளையாடாமல் உட்கார்ந்து பார்க்கிற எங்களைப் போன்ற கிழங்களுக்காகத்தானே?

இதற்கெல்லாம் ஒரு பத்திரிகைக்காரச் சிநேகிதர் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அதை மறைப்பது நியாயமல்ல. “உமக்கு என்ன தெரியும்? இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்து. எந்த வார்த்தையும் எந்த வார்த்தையையும் வெட்டும். தமிழில் 247 எழுத்து, கிரந்தம் வேறு. ‘வி’யில் முடிச்சுப் போட ‘வி’யே வேண்டும், ‘வா’ உதவாது. அதனால்தான் கட்டங்கள் பிரிந்து பிரிந்து நிற்கின்றன” என்றார். உண்மை. ஒப்புக்கொள்கிறேன். 1913ஆம் வருஷம் நியூயார்க்கில் ஆர்தர் வின் முதல் புதிரைக் கட்டியபோது தமிழ் உயிர்மெய்யை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டவில்லை. ஆனால் இதிலிருந்து என்ன ஏற்படுகிறது? குறுக்கே வெட்டும் எழுத்துக்களின் உதவி குறைவு என்றால், குறிப்பு இரண்டு மடங்கு உதவ வேண்டும் என்றல்லவா ஏற்படுகிறது? கால் ஊனமானவனுக்குக் கைத்தடியையும் பிடுங்குவதா?

குறிப்புக்குள்ளேயே விடையை ஒளித்து வைக்கிற வித்தை இங்கிலீஷ்காரன் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் வெளியாகும் ‘ஹிந்து’வில் 1971இலிருந்து அந்த வித்தையைச் செய்து காட்டியவர் யார்? செங்கல்பட்டில் பிறந்து, 1958இல் இந்தியக் கடற்படைக்கு முதல் இந்தியத் தலைவரான ராம்தாஸ் கட்டாரி. கப்பலை விட்டு இறங்கிக் கட்டத்தில் ஏறிக்கொண்டார். சரி, அது இங்கிலீஷ் பத்திரிகை. தமிழில்? தண்டியலங்காரத்தைப் புரட்டிப் பாருங்கள். எண்ணூறு வருஷத்துக்கு மேற்பட்ட புஸ்தகம். சித்திரகவி என்று ஒரு பகுதி. பல கேள்வி கேட்டு, விடைகளை ஒட்டினால் ஒரு பெயர் வருவது வினாவுத்தரம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கம் நகமாகி, நகம் கனகமாகி, கனகம் கோகனகமாவது எழுத்து வருத்தனம். குறைத்துக்கொண்டே வருவது அக்கரச் சுதகம். கட்டம் போட்டு எழுத்தை அடைக்கிற வேலைகூட நமக்குப் புதிதல்ல. சதுரங்கப் பலகையின் அறுபத்து நாலு அறைகளையும் செய்யுளால் நிரப்பியிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தப் பஸ் ஸ்டாண்டிலிருந்து காவேரிப் பாலத்தைத் தாண்டினால் திருவானைக்கா. ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளியில் வேலை பார்த்த ஒருவன் அங்கே அகிலாண்டேசுவரியின் அருளால் காளமேகப் புலவன் ஆனான் என்பது கதை. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் அடைத்தவன் அவன். படிக்கிறவன் எதைப் பிடிப்பது என்று திண்டாட வேண்டும். ஆனால் இரண்டும் சரி என்று கடைசியில் அவனே ஒப்புக்கொள்ள வேண்டும். அஸ்வினும் டிராவிட்டும் சரி என்றிருக்கிற குறிப்புக்கும் இதற்கும் உள்ள தூரம், காளமேகத்துக்கும் கண்டக்டர் கொடுக்கிற டிக்கெட்டில் இருக்கும் வாசகத்துக்கும் உள்ள தூரம். 

“வாய் வீச்சு வீசுகிறீரே, நீர் ஒன்று எழுதும் பார்க்கலாம்” என்று பெரியவர் மடக்கினார். நியாயமான ஆக்ஷேபணை. பத்திரிகை ஓரத்தில் எழுதினேன். 

‘கிரிக்கெட்டில் எண்ணுவார்கள், சினிமாக் கொட்டகையில் நாள் கணக்கு வைப்பார்கள், கடன் வாங்கியவன் எடுப்பான். நாலு கட்டம்.’

பெரியவர் முதல் இரண்டில் தடுமாறி, கடனில் பிடித்துவிட்டார். “ஓட்டம்!” என்றார். “கடைசி ஒன்று போதுமே ஐயா, மற்ற இரண்டும் தண்டம்.” ஓய்வு பெற்ற பிறகும் அவர் தொழிற்சாலைக்காரர்தான், உபரிச் சாமான் அவருக்குப் பிடிக்காது.

‘கண்ணகி காலில் கிடந்தது, உகரத்தைப் போக்கி அம் சேர்த்தால் கையில் சுழலும். ஐந்து கட்டம்.’ சிலம்பம் என்று பையன் உடனே சொல்லிவிட்டான். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் சுற்றினானாம். இந்த விடைக்கு ஒருவர் பெயரும் தெரிந்திருக்க வேண்டாம், ஒரு வருஷத்து ஸ்கோரும் தெரிந்திருக்க வேண்டாம். விடையைக் கேட்ட பிறகு, வேறு எதுவாகவும் இருந்திருக்க முடியாது என்று தோன்றுகிறதா, இல்லையா? எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்றாவது, பையனுக்கென்றே எழுதியது: ‘க-வைச் சேர்த்துப் படி, மூச்சு விடாமல் ஆடலாம். மூன்று கட்டம்.’ படிப்பைப் பற்றி ஏதோ புத்தி சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டு முகத்தைச் சுளித்தான். அதற்குள் லால்குடி பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

நாலாவதைப் பெரியவருக்கு விட்டேன்: ‘உறவுக்குள் ய நுழைந்தால் குதிரை ஓடும். ஐந்து கட்டம்.’ பாட்டியின் சங்கிலியை நினைத்துக்கொண்டு எழுதியது அது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சொந்தம், பாசம், சுற்றம் என்று முணுமுணுத்தார். ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றது. வழக்கத்துக்கு விரோதமாக அதில் ஏறிவிட்டார்.

“விடையைச் சொல்லட்டுமா?” என்றேன்.

“சொன்னீரோ, நாளைக் காபியும் உம்முடையதுதான். அம்மா மண்டபம் போவதற்குள் நானே கண்டுபிடிக்கிறேன்.”

அதே சமயம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த லால்குடி பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது. “கபடி சார், கபடி!” என்று கத்தினான் பையன். “உள்ளே ஏறுடா!” என்று கண்டக்டர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.