புற ஊதா ஒளியும் பாக்டீரியாவின் வாடகைக்காரர்களும்

தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். நீல விளக்கு எரியும், கிருமிகள் 'புஸ்'ஸென்று காணாமல் போகும். போதிய அளவு புற ஊதா ஒளி பட்டால் அது உண்மைதான். அளவு குறைந்தால்? பாக்டீரியாவின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

குடியிருப்பவர்கள் என்று நான் சொல்வது நகரும் மரபணுக் கூறுகளை. பிளாஸ்மிட்கள், டி.என்.ஏ.வுக்குள் ஒளிந்திருக்கும் ஃபேஜ் வைரஸ்கள், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் துண்டுகள், இப்படி.

புற ஊதா ஒளி பட்டதும் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் உடனே அபாயச் சங்கு ஊதும். இதற்கு எஸ்.ஓ.எஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் மரபணுக்களின் பூட்டு திறக்கும். ஆனால் இந்தச் சங்கு வாடகைக்காரர் காதிலும் விழுமே!

1950ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆந்த்ரே லுவோஃப் குழுவினர் ஒரு பாக்டீரியா மேல் கொஞ்சம் புற ஊதா ஒளியைக் காட்டினார்கள். அது சிறிது நேரம் சமர்த்தாக வளர்ந்தது, பிறகு மொத்தமாக வெடித்தது. கொன்றது ஒளி அல்ல. வீடு இடியப் போகிறது என்று தெரிந்துகொண்ட ஃபேஜ், தன்னைப் பல பிரதி எடுத்துக்கொண்டு சுவரை உடைத்து வெளியேறிவிட்டது. (1965ல் லுவோஃபுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.)

எல்லா வாடகைக்காரரும் இப்படி இல்லை. பி.கே.எம்.101 என்ற பிளாஸ்மிட் இருந்தால் சால்மொனெல்லா புற ஊதா ஒளியை அதிகம் தாங்கும். அதிலுள்ள மக்-ஏ, மக்-பி மரபணுக்கள், சேதமான இடத்தில் நிற்காமல் குத்துமதிப்பாக எதையோ எழுதி நகலெடுப்பைத் தொடர வைக்கின்றன. உயிர் தப்பும், ஆனால் பிழைகள் கூடும். இந்தப் பிழை பெருகும் குணத்துக்காகவே புரூஸ் ஏம்ஸ், ரசாயனங்களைச் சோதிக்கும் தன் பாக்டீரியாக்களில் இதைச் சேர்த்தார்.

தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ஆர்391 நேர் எதிர். இதைச் சுமக்கும் ஈ.கோலை புற ஊதா ஒளியில் சீக்கிரம் சாகிறது. இத்தனைக்கும் மக் மரபணுக்களின் உறவினர்கள் இதிலும் உண்டு. ஆகவே "ஈ.கோலை இத்தனை அளவு ஒளியில் சாகும்" என்று ஒரே வரியில் முடியும் அட்டவணைகள் எனக்கு அரைகுறைக் கணக்காகவே படுகின்றன. பொறுப்பு எவ்வளவு என்று காட்டாத ஐந்தொகை மாதிரி :-)

ஆர்391க்கு நம்மூர்ச் சொந்தம் ஒன்று உண்டு. 1992ல் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா கிளம்பியது. அந்தக் கிருமியில் இருந்த தாவும் துண்டுக்கு எஸ்.எக்ஸ்.டி என்று பெயர். அதில் பழுது பார்க்கும் மரபணு ஒன்றின் நடுவிலேயே நான்கு மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதாவது வீட்டைக் காக்கும் வேலையை விட்டுவிட்டு, ஊர் மாறும்போது எடுத்துப் போகும் சரக்கைச் சேர்த்திருக்கிறது. டி.என்.ஏ. சேதமானால் எஸ்.எக்ஸ்.டி அடுத்த பாக்டீரியாவுக்குத் தாவுவது பல மடங்கு கூடுகிறது என்று 2004ல் வால்டர் குழு காட்டியது. அந்தச் சங்கை ஊத புற ஊதா விளக்குதான் வேண்டும் என்றில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் அதையே ஊதுகிறது.