பழைய ஆம்ப்ளிஃபயர்... பிளக்கில் செருகும் முன் ஒரு நிமிடம்!

பழைய ஆம்ப்ளிஃபயர் கைக்குக் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் தவறு, உடனே பிளக்கில் செருகிப் பார்ப்பதுதான்.

1959-ல் அமெரிக்காவின் டைனாகோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டீரியோ 70' நல்ல உதாரணம். வாங்கியவர்களே வீட்டில் சால்டரிங் வைத்துப் பூட்டிக்கொள்ளும் கிட்டாகவும் விற்ற செட் இது. நான்கு இ.எல்.34 வால்வுகள், சேனலுக்கு 35 வாட்ஸ். வயரிங் எளிது என்பதால், இன்றும் ஆர்வலர்கள் தேடிப் பிடித்துச் சரிசெய்கிறார்கள். ஆனால், உள்ளே இருப்பது 400 வோல்ட்டுக்கு மேல்!

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மல்ட்டிமீட்டர் பூஜ்ஜியம் காட்டிய பிறகே கை வைக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: காய்ந்துபோன ஃபில்டர் கெப்பாசிட்டர், கசியும் கப்ளிங் கெப்பாசிட்டர், பயாஸ் பகுதியில் உள்ள செலினியம் ரெக்டிஃபயர். கடைசி இரண்டும் கெட்டால் வால்வுக்குள் இருக்கும் தகடு செக்கச்சிவந்துவிடும். கவனிக்காமல் விட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும்.

மாற்றி முடித்ததும், எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரியஸ் பல்ப் வழியாக பவர் கொடுங்கள். எல்.இ.டி வேண்டாம், பழைய குண்டு பல்ப்தான் சரி. அது முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஸ்பீக்கரோ, லோடு ரெசிஸ்டரோ இணைக்காமல் வால்வு செட்டை ஓட்டவே கூடாது. பல்பை எடுத்துவிட்டு நேரடி பவரில், ஒவ்வொரு சேனலுக்கும் பயாஸை 1.56 வோல்ட்டில் வைத்த பிறகுதான் பாட்டு.

புதியவர் என்றால், வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூடியைத் திறங்கள்.