ஜாலிக்குக் கீழேயும் தூய்மை வேண்டும்

தூய்மையை ஈமானுடன் இணைத்தே நமக்குக் கற்பித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அதனால்தான் ஐவேளையும் உளூச் செய்கிறோம். உடையில் ஒரு துளி அசுத்தம் பட்டாலும் கழுவுகிறோம். தொழும் இடத்தைத் துடைத்து வைக்கிறோம். ஆனால் கழுவிய தண்ணீர் ஜாலியைத் தாண்டிக் கீழே இறங்கியதும், அது நம் பொறுப்பை விட்டும் இறங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். குழாய் அடைத்து, நாற்றம் கூடத்தை எட்டும்போதுதான் அதன் நினைவு வருகிறது. உடனே கடைக்கு ஆள் அனுப்பி, ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றிவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தை நம் குடும்பங்கள் கைவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

கழிவறை கழுவ விற்கப்படும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது உப்புக் கறையைக் கரைக்கும். சமையலறைக் குழாயை அடைக்கும் கொழுப்பையோ, குளியலறைக் குழாயில் சுருண்டு கிடக்கும் முடியையோ கரைப்பதில்லை. அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரும் இருந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது மூச்சுக்கே ஆபத்து. அடைப்பும் நீங்காமல், ஊற்றிய ஆசிட்டும் குழாயிலேயே தேங்கி நின்றால், மறுநாள் வந்து குழாயைக் கழற்றுபவரின் கைகளில்தான் அது கொட்டும். செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் அளவுக்கு மீறிய ஆசிட் அழித்துவிடும்.

நம் அடுக்களையிலேயே இருக்கும் பொருள்கள் இதற்கு மாற்றாகுமா? ஆகும், ஆனால் எது எதற்கு உதவும் என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

பலரும் பரிந்துரைப்பது ஆப்ப சோடாவும் வினிகரும். அரைக் கோப்பை ஆப்ப சோடாவைக் குழாய் வாயில் தூவி, அரைக் கோப்பை வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும். கால் மணி நேரம் கழித்துச் சூடான நீர் ஊற்ற, குழாய் வாயில் படிந்த இளகிய அழுக்கும் வாடையும் நீங்கும். எனினும் இதை மிகைப்படுத்த வேண்டாம். இரண்டும் கலந்தவுடன் ஒன்றின் வலிமையை மற்றொன்று தணித்துவிடுகிறது. பொங்குவது கரியமில வாயு மட்டுமே. முற்றிலும் அடைத்துக்கொண்ட குழாயை அது திறக்காது.

கொழுப்புக்கு உகந்தது சலவை சோடா. இரண்டு கரண்டியைச் சூடான நீரில் கரைத்து, கையில் படாமல் ஊற்றினால் பிசுக்கு இளகும். பூந்திக்கொட்டையை வேகவைத்து வடிகட்டிய நீரும் எண்ணெய்ப் பசையை எடுக்கும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் ஜாலியில் படியும் வெண்மையான காரைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். முடிக்கு எந்தப் பொருளும் தேவையில்லை. ஜாலியைத் தூக்கி, வளைந்த கம்பியால் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். பி.வி.சி. குழாய்களில் கொதிநீரை ஊற்றலாகாது, குழாய் இளகிவிடும். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான நீர் போதுமானது.

விருந்தினர் அறையின் குளியலறையில் மட்டும் நாற்றம் வருகிறதா? நஹானி டிராப்பில் தேங்கி நிற்க வேண்டிய நீர் வற்றியிருக்கலாம். அந்த நீர்தான் சாக்கடை வாயுவை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. வாரம் ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும்.

எல்லாவற்றிலும் மேலானது, அடைப்பவற்றைக் குழாய்க்குள் விடாதிருப்பதே. நெய்ச்சோறும் பிரியாணியும் சமைத்த தேக்சாவை அப்படியே கழுவும்போது, சூட்டில் உருகியிருந்த ஆட்டுக் கொழுப்பு குழாயின் குளிர்ச்சியில் உறைந்துவிடுகிறது. இப்படி வீடுதோறும் இறங்கும் கொழுப்பு எங்கே போய்ச் சேரும் என்பதற்கு லண்டன் ஒரு சான்று. 2017இல் அந்நகரின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புக் கட்டியைக் கண்டெடுத்தார்கள். நம் முன்னோர் பாத்திரத்தில் சாம்பலைத் தூவி, பிசுக்கைத் துடைத்தெடுத்த பின்பே கழுவினார்கள். சாம்பல் இல்லாத வீட்டில் பழைய செய்தித்தாள் அந்த வேலையைச் செய்யும். நோன்புக் காலத்தில் வடை, சமோசா பொரித்த எண்ணெயையும், குர்பானி நாளின் கொழுப்பையும் குடல் கழிவையும் சிங்க்கில் விடாமல் தனியே அகற்றுவதை வீட்டு வழக்கமாக்க வேண்டும்.

இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். தெருவில் அடைப்பு முற்றினால், அதைத் திறக்க ஒரு மனிதர் அழைக்கப்படுகிறார். தகுந்த பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்யவைப்பதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தொகையை உயர்த்த வேண்டிய நிலை வந்ததே, மரணங்கள் நிற்கவில்லை என்பதைச் சொல்கிறது.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நாம் கண்ணால் காணாத, இன்னொருவர் கையை விட்டுத் துழாவ வேண்டிய பாதையில் தொல்லையை ஊற்றிவிட்டு, தெருவிலுள்ள கல்லை மட்டும் அகற்றுவது எப்படி நிறைவாகும்?

ஜும்ஆ நாளுக்காகக் குளித்து, நல்லாடை அணிந்து ஆயத்தமாகும் குடும்பங்கள் நாம். வியாழன் இரவு பாத்திரங்கள் கழுவி முடிந்ததும், ஒரு பத்து நிமிடம் ஜாலிகளைத் தூக்கிச் சுத்தம் செய்து, சலவை சோடா கரைத்த சூடான நீரைச் சிங்க்கில் ஊற்றும் வழக்கத்தைத் தொடங்குவோம். அதைப் பெண்களின் வேலை என்று ஒதுக்காமல், வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் முறைவைத்துச் செய்ய வேண்டும். தம் வீட்டுத் தலைமுடியைத் தாமே எடுத்துப் பழகிய பிள்ளை, நாளை சாக்கடை திறக்க வருபவரிடம் ஒரு செம்புத் தண்ணீரும் மரியாதையான ஒரு சொல்லும் தரத் தயங்காது, இன்ஷா அல்லாஹ்.